கைதாக ஆசைப்பட்ட கீரி

ஒரு காட்டில், அதாவது புலி பதுங்குவதற்கே டோக்கன் வாங்க வேண்டிய ஒரு காட்டில், சண்டமாருதம் என்றொரு கீரி இருந்தது. தினமும் காலையில் கறையான் புற்றின் மேல் ஏறி நின்று, செல்பேசியைப் பார்த்துக் கத்துவதுதான் அதன் தொழில். நிகழ்ச்சியின் பெயர் ‘பொட்டில் அடித்தாற்போல்’. நாற்பதாயிரம் பிராணிகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் அன்றைக்கு யார்மேல் கோபப்படுவது என்று முடிவுசெய்தன.

கத்துவதற்கு விஷயத்துக்கா பஞ்சம்? ஏழு மலைக்கு அப்பால் ஒட்டகங்களுக்கும் ஓநாய்களுக்கும் ஏதோ தகராறு. இந்தக் காட்டில் யாரும் ஒட்டகத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் மாமன்னர் பிடரிவர்மச் சிங்கம், ஓநாய்கள் நமக்கு உடன்பிறவாத சகோதரர்கள் என்று அறிவித்து, யானைப் படையை அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் வெற்றி என்றார். அது மூன்று வருடத்துக்கு முந்தைய அடுத்த வாரம். போர்க்காலம் என்பதால் ஒரே கிளையில் மூன்று பறவைகளுக்கு மேல் உட்காரக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு வந்தது.

“யாரைக் கேட்டுய்யா படையை அனுப்பினீங்க?” என்று சண்டமாருதம் வாலைச் சிலிர்த்துக்கொண்டு கேட்கும். “ஒட்டகம் நம்ம தண்ணியக் குடிச்சிடும்னு பயமா? அது தண்ணியே குடிக்காதேய்யா!”

படம் பிடிக்கும் மந்தாகினி என்ற ஆமை ஓட்டுக்குள்ளிருந்து சிரிக்கும். காடே சிரிக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு மைனா வாயைத் திறக்கும்வரை. நேரலையில் அது கேட்ட கேள்வி இதுதான்: “அண்ணே, மூணு வருஷமா ராஜாவைக் கிழிகிழின்னு கிழிக்கிறீங்க. உங்க மேல ஒரு கீறல்கூட இல்லையே. நீங்க ராஜா ஆளுதானே?”

சண்டமாருதம் முதல்முறையாக நிகழ்ச்சியைப் பாதியிலேயே நிறுத்தியது. பக்கத்துப் புதரில் போட்டி நிகழ்ச்சி நடத்திய முள்ளம்பன்றி அந்த மாதம்தான் பதினோரு நாள் சிறையில் இருந்துவிட்டு, கழுத்தில் மாலையோடு வெளியே வந்திருந்தது. அது பேசியதெல்லாம் அரைகுறை. ஆனால் உள்ளே போனவன் பேசினால் உண்மை என்பது அந்தக் காட்டின் வழக்கம். ஒரே வாரத்தில் கீரியின் நாற்பதாயிரம் ஒன்பதாயிரமானது. எதிரில் வந்த முயல்கூட, “வாங்க அரசவைக் கவிஞரே” என்று சொல்லிவிட்டு ஓடியது.

“மந்தா, என்னை யாரும் நம்பலைன்னா நான் வெறும் கத்துற கீரிதான்” என்றது சண்டமாருதம். அதற்கு அழுகையே வந்துவிட்டது.

“அதுக்கு என்ன பண்ணப் போற?”

“கைதாகப் போறேன்.”

மறுநாள் சிங்கத்தை ‘சீப்பு காணாத சோம்பேறி’ என்றது. ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மறுநாள் ராணியின் கர்ஜனைக்குப் பின்னணிக் குரல் கொடுப்பது வேறொரு சிங்கம் என்றது. அரண்மனையிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்தது. பொறுக்கமாட்டாமல் கீரி நேராகத் தகவல், மகிழ்ச்சி மற்றும் கைதுத் துறைக்கே போய்விட்டது.

அங்கே பார்த்தால் வரிசை வாசலைத் தாண்டி ஓடை வரைக்கும் நிற்கிறது. கேலிச் சித்திரம் போடும் அணில், புரட்சிக் கவிதை எழுதும் நாரைகள் ஒரு கும்பல், படம் வெளியாகுமுன் எப்படியாவது ஒரு நாள் உள்ளே இருந்தே ஆக வேண்டிய நடிகர் மயில். கீரிக்குக் கிடைத்த டோக்கன் நானூற்றுப் பதினெட்டு. மூன்றாம் நாள் மதியம் அதன் முறை வந்தது. ஜன்னலுக்கு உள்ளே ஒரு கருமந்தி உட்கார்ந்து படிவத்தைப் புரட்டியது.

“தானாக முன்வந்து கைதாவோர் படிவமா? ரெண்டு அரசு ஊழியர் சாட்சிக் கையெழுத்து போடணுமே சார்.”

“போட்டிருக்கு. ரெண்டு கழுகு.”

“பேரு? ஓ, சண்டமாருதம் சாரா!” மந்தி எழுந்தே நின்றுவிட்டது. “சார், உங்களைத் தொட எங்களுக்கு அதிகாரமே இல்ல. வெளிக்காட்டுத் தூதருங்க வந்தா, ‘பாருங்க, எங்க காட்டுல எவ்வளவு சுதந்திரம்’னு உங்க நிகழ்ச்சியைத்தான் போட்டுக் காட்டுறோம். மாமன்னரே உங்களைக் கேட்டுக்கிட்டுத்தான் பல் விளக்குறாரு. நேத்து சிரிச்சு சிரிச்சு வேப்பங்குச்சியை முழுங்கிட்டாரு.”

கீரி திரும்பி வரும்போது அதன் வால் தரையைப் பெருக்கிக்கொண்டே வந்தது. மூன்று வருடப் புரட்சி, ஒரு சிங்கத்தின் பல் விளக்கும் நேரத்துப் பொழுதுபோக்கு!

மந்தாகினி நிதானமாகக் கேட்டுவிட்டு, நிதானமாக யோசித்து, சாயங்காலம் போலப் பதில் சொன்னது. “திட்டிப் பாத்தாச்சு. ஒரு தடவை புகழ்ந்து பாரேன். அவருக்குச் சந்தேகம் வரும்.”

கீரி துள்ளிக் குதித்தது. அப்படிப் புகழ வேண்டும், கேட்கிறவனுக்குத் திகட்ட வேண்டும்! யானைப் படையின் வீரத்தை வானளாவப் பாட ஏதாவது தகவல் கிடைக்குமா என்று, யானைகள் இருக்கும் பக்கம் முதல்முறையாகப் போனது.

அங்கே அங்காயி என்ற யானை தனியாக நின்றுகொண்டிருந்தது. அதன் மகன் கொம்பையா படையோடு போனவன்.

“அம்மா, நம்ம வீரர்களைப் பத்தி நாலு பெருமையான விஷயம் சொல்லுங்களேன்.”

அங்காயி ஒரு பெரிய வேங்கை மரத்தைக் காட்டியது. போருக்குப் போகிற யானை அந்த மரத்தின் மேற்குப் பக்கப் பட்டையில் தந்தத்தால் ஒரு கோடு கீறிவிட்டுப் போகும். திரும்பி வந்தால் கிழக்குப் பக்கம் ஒரு கோடு. அது அவர்கள் வழக்கம்.

“எண்ணிக்கோ தம்பி” என்றது அங்காயி. “நான் தினமும் எண்ணுறேன்.”

கீரி எண்ணியது. மேற்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு. கிழக்கில் நாற்பத்தொன்று. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று கிழக்குப் பக்கத்தை இன்னொரு தடவை எண்ணியது. நாற்பத்தொன்றுதான். ஒட்டகத்தைப் பற்றி மூன்று வருடம் பேசியிருக்கிறோம், இந்த மரத்தடிக்கு ஒரு நாளாவது வந்திருக்கிறோமா என்று நினைத்தபோது கீரிக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை புற்றின் மேல் ஏறியது. திட்டம் போட்டபடியே புகழத் தொடங்கியது. ஆனால் குரல் மட்டும் ஏறவில்லை.

“மாமன்னர் வாழ்க. அவருடைய ஆணைக்காக முந்நூற்றுப் பன்னிரண்டு யானைகள் மகிழ்ச்சியோடு போனார்கள். நாற்பத்தொரு பேர் வந்திருக்கிறார்கள். மீதி இருநூற்று எழுபத்தொரு பேர், மன்னர் மீது வைத்த அன்பு காரணமாக, இன்னும் வரவில்லை. அவர்களில் ஒருவர் பெயர் கொம்பையா. அடுத்தவர்...”

அடுத்தவரின் பெயரைச் சொல்வதற்குள் ஐந்து சிறுத்தைகள் புற்றைச் சூழ்ந்துவிட்டன. படிவம் இல்லை, சாட்சி இல்லை, டோக்கன் இல்லை. மந்தாகினியும் ஓட்டோடு கைதாகி, நான்கு நாள் கழித்து நடந்தே சிறை வந்து சேர்ந்தது. குற்றப்பத்திரிகையில் ஒரே வரி: ‘மாமன்னரைத் துல்லியமாகப் புகழ்ந்தது.’

சிறையில் கீரிக்கு ஒரே குஷி. இனி மைனா என்ன சொல்லும், பார்க்கலாம்! அந்தக் குஷி, காவலுக்கு நின்ற காட்டெருமை கம்பிக்குப் பக்கத்தில் வரும்வரைதான்.

“சார்,” என்றது எருமை மெதுவாக, “எருமைங்களுக்கும் இப்படி மரம் ஏதாச்சும் இருக்குங்களா? யானைங்களுக்குத் தீனி சுமந்துக்கிட்டு எங்க அண்ணன் போனாரு.”

“உங்க அண்ணன் பேரு என்னய்யா?” என்று கேட்டது கீரி.

அன்றைக்கே அரண்மனை ஆட்கள் வந்து வேங்கை மரத்தை வெட்டினார்கள். மறுநாள் காலை, மிச்சமிருந்த யானைகள் எல்லாம் வரிசையாக, டோக்கன் வாங்கிக்கொண்டு, கைதுத் துறையின் புது வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் வந்து நின்றன. அங்காயி முதல் கோட்டைக் கீறியது. சாயங்காலத்துக்குள் மேற்குச் சுவரில் முந்நூற்றுப் பன்னிரண்டும் கிழக்குச் சுவரில் நாற்பத்தொன்றும் ஏறிவிட்டன. எருமைகள் தெற்குச் சுவரில் இடம் கேட்டன. கருமந்தி சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சுவரைக் கைது செய்தது.

நீதி: சிறைக்குப் போக ஆசையா? அரசரைத் திட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். சரியான எண்ணிக்கை சொல்லி வாயார வாழ்த்துங்கள். வீட்டுக்கே வந்து அழைத்துப் போவார்கள்.