மைக் பிடித்தவன் பிரார்த்தனை நடத்த மாட்டான்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகன் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"தலைமையாசிரியர்கிட்ட மன்னிப்புக் கேளு, வேலை நிரந்தரமாகிற நேரம்" என்று போனில் சொன்னீர்கள். கேட்க மாட்டேன். இந்த அரசுப் பள்ளியில் மின்பணி சொல்லிக்கொடுக்கத்தான் என்னை எடுத்தார்கள். கெட்டுக் கிடந்த மைக்கைச் சரிசெய்தேன், அதுதான் நான் செய்த ஒரே தப்பு. "மைக் உன் கையிலதானே இருக்கு, இனிமே காலைப் பிரார்த்தனையையும் நீயே நடத்திடு" என்றுவிட்டார் தலைமையாசிரியர். இது எந்த ஊர் நியாயம் மாமா? குழாயைச் சரிசெய்தவன்தான் வீட்டிலுள்ளவர்களைக் குளிப்பாட்டியும் விடணுமா?

முடியாது என்றேன். பிள்ளைகள் வேண்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை; நான் பரீட்சை வைத்தால் வகுப்பே வாய்க்குள் சாமியை வேண்டி முணுமுணுக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மார்க் போடுகிற வாத்தியார் முன்னால் நின்று "கண்ணை மூடு, சொல்லு" என்றால் அது வேண்டுதல் இல்லை, உத்தரவு. கடைசி வரிசையில் ஒரு பெண். அவள் வீட்டில் வேண்டுகிற விதமே வேறு. பக்கத்துப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சும்மா வாயசைக்கிறாள். ஏம்மா என்றால், "சொல்லலைன்னா மார்க்கைக் குறைச்சிடுவீங்களா சார்?" என்கிறாள். இதைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். "கடவுளுக்குக் கேக்குதோ இல்லையோ, அந்தக் கொஞ்ச நேரம் பசங்க வரிசையா நிக்கிறாங்கல்ல? அதைக் கெடுக்காதே தம்பி. கெடுத்தா உன் நிரந்தரத்துக்கு என் கையெழுத்து கிடையாது" என்றார்.

சரி, எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைப்போம் என்று மறுநாள் மைக்கைப் பிடித்தேன். முன்னால் நிற்பவர் ஒரு வரி சொன்னால் பிள்ளைகள் கண்ணை மூடி அதே வரியைத் திருப்பிச் சொல்வது இங்கே வழக்கம். கோபத்தில் அதை மறந்துவிட்டேன். "நான் பிரார்த்தனை நடத்த மாட்டேன்" என்றேன். பள்ளிக்கூடமே ராகத்தோடு, "நான் பிரார்த்தனை நடத்த மாட்டேன்" என்றது. "யார் எதை வேண்டணும்னு அவங்கவங்களே முடிவு பண்ணட்டும்." அதுவும் வந்தது. "ஐயோ, திருப்பிச் சொல்லாதீங்க!" அதற்குத்தான் சத்தம் அதிகம். "வாயை மூடுங்க!" என்றதற்கு ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். தெருமுனை வரைக்கும் கேட்டதாம். ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு இல்லை, அதை மட்டும் யாரும் பாராட்டவில்லை. தலைமையாசிரியர் ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். "என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

"நடத்த மாட்டேன்னு சொன்னேன் சார்."

"அதைத்தானய்யா நடத்திட்டே!"

இதற்குத்தான் மன்னிப்பாம். வேலை போனால் ஃபேன் ரிப்பேர் செய்து பிழைத்துக்கொள்கிறேன். முன்னால் நின்று ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். நீங்களே நேரில் வந்து சொன்னாலும் சரி.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் சின்ன மகளுக்கு என் ஆசிகள், அவளுக்கு வேண்டுமென்றால்.

பணிவு என்று போடுவது வழக்கம், இல்லாததை எப்படிப் போடுவது,
உங்கள் தங்கை மகன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. அன்றிலிருந்து நிறுத்திவைத்திருந்த பிரார்த்தனையை இன்று தலைமையாசிரியர் தாமே தொடங்கினார். பிள்ளைகள் அவர் சொன்னதை விட்டுவிட்டு அன்று மைக்கில் நான் சொன்னதையே சொல்லி முடித்தார்கள். வரிசை மட்டும் நூல் பிடித்த மாதிரி நின்றது. அவருக்கு அது போதும்; கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரே தொல்லை, இரண்டாவது வரியை ஆளுக்கொரு ராகத்தில் இழுக்கிறார்கள், காது கூசுகிறது. ஆகவே நாளையிலிருந்து நானே முன்னால் நின்று சொல்லிக்கொடுக்கிறேன்.