வடக்கு மேலேதான் இருக்கும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் நலம். நலமில்லாதது நமது விண்ணப்பம் ஒன்றுதான். அங்கு தங்கள் முழங்கால் முன்னிலும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு மாதங்களாகத் தாங்கள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்க முடியாமல், காய்கறிக்குக் கூடையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். படியே இல்லாத ஓர் அறையை எங்கள் வீட்டை ஒட்டிக் கட்டித் தருவதாக வாக்களித்தவன் நான். மழைக்கு முன் அஸ்திவாரம் போடாவிட்டால் அடுத்த ஆண்டுதான் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். ஆகவே நடந்தவற்றைத் தாங்கள் முழுமையாக அறிவது அவசியம். தவறு என்னுடையதல்ல என்பதும் அவற்றில் அடங்கும்.

அனுமதிக்கான வரைபடத்தை நானே வரைந்தேன். இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர்தான் வரைந்து கொடுக்கிறார். ஆனால் இருபத்தெட்டு ஆண்டுகள் கல்லூரியில் புவியியல் கற்பித்தவன் ஒரு செவ்வகத்துக்காக அவரிடம் போய் நிற்க வேண்டியதில்லை என்று கருதினேன். உலக வழக்கப்படி வடக்கை மேலே வைத்தேன். எங்கள் வீட்டுக்கு வடக்கே சாலை. ஆகவே படத்தில் சாலை மேலே. தங்கள் அறை தென்கிழக்கு மூலையில். ஆகவே படத்தில் கீழே, வலப்புறம். இது யாருக்கும் விளங்கும், அனுமதி தரும் ஊராட்சி அலுவலகத்தைத் தவிர. அங்கு வரும் ஒவ்வொரு படத்திலும் சாலை எந்தத் திசையில் இருந்தாலும் தாளின் அடியில்தான் இருக்குமாம். அப்படி ஒரு விதி கிடையாது. இருந்திருந்தால் நான் படித்திருப்பேன். வெறும் பழக்கம். நான் கொத்தனாரைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் இடத்தைப் பார்க்க வந்த ஆய்வாளர், சாலையில் நின்று, தாளின் அடிப்பகுதியைத் தம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலப்பக்க மூலைக்கு நேராக நடந்திருக்கிறார். அது வடமேற்கு மூலை. அங்கே ஒரு குட்டை இருக்கிறது. குட்டையில் பக்கத்து வீட்டு வாத்துக்காரம்மாவின் இருபத்தேழு வாத்துகள் இருந்தன. கரையில் நின்று ஆய்வாளர் எழுதிய அறிக்கையை அப்படியே தருகிறேன்: ‘உத்தேச அறை நீரில் அமைந்துள்ளது. வாத்துகள் உள்ளன. முதியவர் வசிக்க உகந்ததல்ல.’

நான் வீடு திரும்பியபோது வாத்துக்காரம்மா வாசலில் நின்றிருந்தார்.

“உங்க அக்காவுக்கு ரூம் கட்டுங்க, வேணாங்கல. என் வாத்து தலையிலதான் கட்டணுமா?”

“அம்மா, அறை அங்கே வரவில்லை.”

“அதிகாரியே வந்து நின்னு பாத்துட்டுப் போறாரு, நீங்க இல்லைங்கறீங்க. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அன்று மாலையே ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டார். எங்களுக்கு முட்டை கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் மிகுந்த பரிவோடு, “சார், உங்க அக்கா ரூம் குட்டைல இருக்கு” என்றார். தாளைத் திருப்பிப் பார்க்கும்படி சொன்னேன். திருப்பினார். “இப்ப எழுத்தெல்லாம் தலைகீழா நிக்குதே சார். இதுல எப்படி சீல் வைக்கறது?” வடக்கு மேலேதான் இருக்கும் என்று விளக்கினேன். “இருக்கட்டும் சார். எங்க ஆபீஸ்ல ரோடு கீழ இருக்கும். ஜெராக்ஸ்காரர்கிட்ட குடுங்க, நிமித்திக் குடுத்துடுவார்.” எனக்குப் பின்னால் நின்ற விவசாயி, பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் வரைந்த மாட்டுக்கொட்டகைப் படத்தை நீட்டினார். நான்கு நிமிடத்தில் சீல் விழுந்தது. போகும்போது என் தோளைத் தட்டி, “கவலைப்படாதீங்க வாத்தியாரே, மாட்டுக்கே கெடச்சிடுச்சு, உங்க அக்காவுக்குக் கெடைக்காமயா போயிடும்?” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. நான் படத்தை மாற்றவில்லை. என் மனைவி, “நீங்க வடக்கைக் கட்டிக்கிட்டு உக்காந்திருங்க, உங்க அக்கா அங்க கூடையை இறக்கிக்கிட்டே இருக்கட்டும்” என்கிறாள். தாங்களும் தொலைபேசியில், “டேய், எனக்கு ரூம்தான்டா வேணும். தலையை எந்தப் பக்கம் வச்சுப் படுக்கறதுன்னு நான் பாத்துக்கறேன்” என்றீர்கள். இரண்டையும் நான் கோபமின்றிக் கேட்டுக்கொண்டேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆனால் திசை என்பது ஒருவர் வசதிக்கு இடம் மாறுவதல்ல. மேலதிகாரிக்கு ஒன்பது பக்கத்தில், நான்கு வரைபடங்களோடு மேல்முறையீடு எழுதி முடித்துவிட்டேன். ஆறு மாதத்தில் பதில் வருமாம். அதுவரை தாங்கள் பொறுத்தருள வேண்டும். தங்கள் தம்பி வளைந்து கொடுத்தான் என்ற பேச்சுக்கு மட்டும் இடம் இருக்காது.

முழங்காலுக்குச் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்யுங்கள். தங்கள் உடல்நலமே எங்கள் நிம்மதி.

என்றும் தங்கள் அன்புத் தம்பி.

பி.கு.: மேலே எழுதியதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுங்கள். உறைமேல் உங்கள் முகவரியை எழுதும்போது ‘மூன்றாம் மாடி’ என்று எழுத வேண்டியிருந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது. கடிதத்தை அனுப்பாமல் வைத்துவிட்டு, புதுத் தாள் எடுத்து, சாலையைக் கீழே போட்டு, வடக்கு முள்ளைத் தரையைப் பார்க்க வரைந்தேன். பதினோரு நிமிடம் ஆயிற்று. ஆய்வாளர் மறுபடி வந்து, காய்ந்த தரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். வாத்துக்காரம்மாவும் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எழுத்தர், “இப்பதான் சார் படம் மாதிரி இருக்கு” என்று சொல்லி இன்று சீல் வைத்தார். என் பழைய மாணவர்கள் யாராவது உங்களைப் பார்க்க வந்தால் இதைப் பற்றிப் பேச வேண்டாம். கொத்தனார் நாளைக் காலை அஸ்திவாரம் தோண்டுகிறார். உங்கள் வாக்கரின் அகலத்தை, இரண்டு பக்கமும் முழங்கை இடிக்காமல் எவ்வளவு வேண்டுமோ அதையும் சேர்த்து, அளந்து உடனே எழுதுங்கள். கதவை அந்த அளவுக்குத்தான் வைக்கப் போகிறோம்.