மூன்று அக்கிர்

அன்று பினாங்கின் பாயான் பாரு திடலில் இருந்தவர்கள்: நாற்பத்தெட்டு ஓட்டக்காரர்கள், அவர்களைப் பெற்றவர்கள், விளையாட்டு மன்றச் செயலாளர் மோகன் அண்ணன், என் மனைவி செல்வி, மகள் கவிதா. பிறகு, போட்டி அட்டவணை போட்ட நான்.

கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். 'இவர் எதையும் மறக்க மாட்டார்' என்று நம்பிய மோகன் அண்ணன், போட்டிகளின் மலாய்ப் பட்டியலை என்னிடம் கொடுத்தார். ஆறாம் வகுப்போடு நின்றவன், மலாய் அரைகுறை என்று சொல்ல வெட்கம். வாங்கிக்கொண்டேன்.

மழை வந்தால்? தண்ணீர் தீர்ந்தால்? ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன், 'அக்கிர்' என்ற ஒரு சொல்லைத் தவிர. அக்கிர் என்றால் கடைசி. (மாதக் கடைசிச் சம்பளத்துக்குக் காத்திருப்பவனுக்கு இதுகூடவா தெரியாது?) நூறு மீட்டர் அக்கிர், இருநூறு அக்கிர், நானூறு அக்கிர் என்று இருந்தது. அப்படியே மூன்றையும் நாளின் கடைசியில், பத்துப் பத்து நிமிட இடைவெளியில் வைத்தேன்.

அவை இறுதிச் சுற்றுகளாம். காலையில் மூன்றுக்கும் தேர்வாகி, அட்டவணைப் பலகையைப் பார்த்துவிட்டு வந்த கவிதா சொல்லித்தான் தெரிந்தது. நானூறுதான் அவள் ஓட்டம். வென்றால் மாநிலப் பயிற்சி.

"அப்பா, நான் மனுஷியா, மோட்டாரா?"

செல்வி நேரே மோகன் அண்ணனிடம் போனாள். விதிப்படி ஐம்பது வெள்ளி கட்டி, என் அட்டவணை மேலேயே ஆட்சேபம் கொடுத்தாள். ஏற்றுக்கொண்டால் பணம் திரும்பும், இல்லாவிட்டால் போச்சு.

மோகன் அண்ணன் என்னைத் தனியாகக்கூட அழைக்கவில்லை. "தம்பி, தெரிஞ்சுதானே போட்டீங்க? தப்புன்னா சொல்லுங்க லா, நானூற நாளைக்குத் தள்ளிடலாம்."

'தெரியாது' என்ற ஒரு சொல் போதும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரிஞ்சுதான் போட்டேன், அண்ணே." ஆட்சேபம் தள்ளுபடி, ஐம்பது வெள்ளியும் போச்சு.

நூறில் கவிதா முதலாவது. இருநூறில் இரண்டாவது. நானூறின் கடைசி வளைவில் கால் பிடித்துக்கொண்டது. எல்லாரும் தண்ணீர் குடித்து முடித்த பிறகு, நொண்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினாள்.

காரில் வீடு திரும்பினோம். பினாங்குப் பாலத்தின் பாதியில்தான் எனக்கு வாய் வந்தது. "அந்தச் சொல்லு அப்பாவுக்குத் தெரியலம்மா."

"அங்கயே சொல்லியிருக்கலாம்லபா?" கவிதா காலை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "பரவால்ல, உங்க பட்டியல்படிதான் ஓடியிருக்கேன். நானூறு மீட்டர், அக்கிர்."

இன்றும் எங்கள் வீட்டில் யார் கடைசியாகக் குளிக்கப் போனாலும் அவர் பெயர் அக்கிர். நானும் மாறிவிட்டேன், தெரியாத சொல்லுக்கு வெட்கப்படாமல் பொருள் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் செல்வி பதில் சொல்லாமல் உள்ளங்கையை நீட்டுகிறாள்.

ஐம்பது வெள்ளி.