மூக்கில்லாத ராக்கெட்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் மாமியார், உங்கள் மனைவி மூவரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிப்பது மாமனாரின் கடமை, விசாரித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் மகள் ஒரு பையோடும் பாதி ஒட்டிய உங்கள் ராக்கெட்டோடும் வந்து இறங்கினாள். என்னம்மா என்றால், "அவரு ஃப்ரெண்ட்ஸோட போய் ராக்கெட் விட்டாருப்பா" என்கிறாள். அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. திறக்க வேண்டியதும் இல்லை, எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் சிகரெட் தொடாதவர், சீட்டு தொடாதவர் என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் பெண் கொடுத்தோம்; அட்டையும் பசையுமாக இப்படி ஒரு கெட்ட பழக்கம் இருக்கும் என்று எந்தத் தகப்பனுக்குக் கேட்கத் தோன்றும்? இதனால் என் பெண்ணின் குடித்தனம் கெடக் கூடாது. இந்தச் சனியனைப் பறக்கவிட்டு நானே தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மேசையில் வைத்துப் பார்த்தேன். ராக்கெட் என்றால் மேலே கூராக மூக்கு, கீழே இறக்கை. இதுவோ இரண்டு சாப்பாட்டுத் தட்டுக்கு நடுவில் ஒரு குழாய். உங்கள் மாமியார் முக்காலி என்று நினைத்து அதன்மேல் பூந்தொட்டியை வைத்துத் தண்ணீர் ஊற்றப் போனாள். காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதித்து ஓய்வு பெற்றவன் நான். மேலே போவது கீழே எப்படி வரும் என்று கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மகளிடம் கேட்டேன். "விழும்பா" என்றாள். பாராசூட்? "கெடையாதுப்பா. மெதுவா விழத்தான் இந்த வடிவம்." விழுவதற்கென்றே ஒரு வடிவம்! மாப்பிள்ளை, இதற்கா அத்தனை படிப்பு? மீதியை நானே ஒட்டினேன். பசையில் மூக்குக்கண்ணாடி ஒட்டி, அதை எடுக்கப்போய் மேசைவிரிப்பு ஒட்டி, விரிப்போடு கதவைத் திறந்தால் தபால்காரர், "சார், வீட்ல ஏதாச்சும் விசேஷமா?" என்கிறார். உங்கள் வேலையில் இருந்த ஒரு குறையையும் லேசாகத் திருத்தினேன், அது முக்கியமல்ல. இதற்கிடையில் உங்கள் மாமியார், எண்ணெய் ஊற்றும் புனலைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள்.

பின்பக்கக் காலி மனையில் கம்பி நட்டு, மகளின் பையிலிருந்த வெடிமருந்துக் குழாயைச் செருகி, தள்ளி நின்று பற்றவைக்கும் பொத்தானை அமுக்கினேன். சீறிக்கொண்டு மாடி உயரம் போனது, யாரோ கூப்பிட்ட மாதிரி சட்டென்று திரும்பியது, அடுத்த வீட்டு வக்கீலின் துணிக்கொடியில் புகுந்து, அவருடைய கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தது. ஓடினேன், மாப்பிள்ளை. செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். கோட்டு என் பின்னால் விழுந்து 'டப்' என்று வெடித்து, முதுகில் ஓட்டை போட்டுக்கொண்டது. வக்கீல் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், இதப் போட்டுக்கிட்டுப் போனா ஜட்ஜு என்னையத்தான் குத்தவாளின்னு நெனப்பாரு" என்றார். எல்லாம் உங்கள் தயாரிப்பின் கோணல். அதுகூடப் போகட்டும். என் மகள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. வந்த நாள் முதல் கல்லாக இருந்த பெண் இப்படி அழுததைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை.

ஆகவே, இனி ராக்கெட்டைத் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு உங்கள் மனைவியை அழைத்துப் போகலாம். அதுவரை அவள் வரமாட்டாள். இதை அவளைக் கேட்காமலே அவள் சார்பில் சொல்கிறேன்.

சகல நலன்களும் பெற்று, தரையிலேயே நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பின்குறிப்பு: இது என் கையெழுத்து என்று உங்களுக்கே தெரியும். அப்பா தபாலில் போடக் கொடுத்தார், படித்துவிட்டேன். நம் ராக்கெட்டில் கோணல் இல்லை. "மூக்கு இல்லாம என்ன ராக்கெட்டு" என்று அம்மாவின் புனலை அதன் தலையில் ஒட்டியவர் அப்பா. நான் அழவும் இல்லை. சிரித்த சிரிப்பில் விலா இன்னும் வலிக்கிறது. நீங்கள் ராக்கெட் விட்டதற்காக நான் இங்கே வரவில்லை. ராத்திரி பகலாக நானும் சேர்ந்து ஒட்டிய முதல் ராக்கெட்டை, என்னை விட்டுவிட்டுப் போய்ப் பறக்கவிட்டீர்களே, அதற்குத்தான் வந்தேன். சனிக்கிழமை வாருங்கள். மருந்துக் குழாய்களும், வக்கீலுக்கு ஒரு கோட்டும், அம்மாவுக்கு ஒரு புனலும் வேண்டும். பொத்தானை நான்தான் அமுக்குவேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்; அடுத்தது தனக்கு என்கிறார்.