ஏழாம் வகுப்பு எரிமலை

எரிமலை வெடிக்கவில்லை. களிமண் மலைக்குள் ஒளித்துவைத்த பாட்டிலில் ஊற்றிய வினிகர், 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிவிட்டது.

"டீச்சர், மலைக்குத் தூக்கம் வருது" என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

அறிவியல் டீச்சர் சிரித்துவைத்தாள். கண் மட்டும் கடைசி பெஞ்சுக்குப் போனது. அங்கே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு உங்க வகுப்பைப் பாக்க ஒருத்தர் வருவார். சோதனை எல்லாம் கலகலப்பா இருக்கட்டும்" என்று ஹெட்மாஸ்டர் நேற்றுச் சொன்னதுமே அவள் முடிவுகட்டிவிட்டாள். நான்கு வருடமாகத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கத்தான் அதிகாரி வருகிறார். வேறு யார் வரப்போகிறார்கள்?

"அண்ணே, வினிகருக்கு என்ன கேடு?" என்று லேப் உதவியாளரிடம் கிசுகிசுத்தாள்.

"பாதி பாட்டில்தான் இருந்துச்சு டீச்சர். பாக்க நல்லா இல்லேன்னு தண்ணி ஊத்தி நிரப்பி வச்சேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு சோடா மாவை இரண்டு மடங்கு கொட்டினாள். மலை அசையவில்லை. நுரையாவது வரட்டும் என்று பாத்திரம் கழுவும் சோப்பை விட்டாள். ஒரே ஒரு குமிழி எழுந்து, வகுப்பை ஒரு சுற்று பார்த்துவிட்டு உடைந்தது.

"எங்க மாமா பல்லு தேய்க்கும்போது இதைவிட நுரை வரும் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. வெள்ளைச் சட்டைக்காரர் அதையும் எழுதினார்.

அதற்குள் உதவியாளர் புது வினிகரைத் தேடிக் கொண்டுவந்தார். அவள் அளவு பார்க்கவில்லை. சிவப்பு மையோடு சேர்த்து மொத்தத்தையும் கவிழ்த்தாள். வேகம் கூடட்டும் என்று பாட்டில் வாயில் தக்கையை வைத்து அழுத்தினாள்.

தக்கை மின்விசிறியில் போய் மோதியது. பின்னாலேயே போன நுரையை விசிறி வாங்கி, வஞ்சனையில்லாமல் எல்லாருக்கும் பங்கு வைத்தது. பெரிய பங்கு வெள்ளைச் சட்டைக்கு.

பிறகு பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "இன்னொரு தடவை டீச்சர்" என்று கத்தினார்கள். மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை. துரத்த வேண்டியிருந்தது.

ஈரத்துணியோடு கடைசி பெஞ்சுக்கு ஓடினாள். "மன்னிச்சிருங்க சார்."

"சட்டை கெடக்கட்டும். பசங்களைப் பாத்தீங்களா? இந்த மாதிரி இன்னும் இருக்கா உங்ககிட்ட?"

மேசை இழுப்பறையிலிருந்து தடித்த நோட்டை எடுத்து நீட்டினாள். நாற்பத்திரண்டு சோதனைகள். எதற்கு எவ்வளவு, எங்கே சொதப்பும், எந்தப் பெஞ்சு எதற்குச் சிரிக்கும் என்று நான்கு வருடக் கையெழுத்து. புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

"இதை நான் வச்சுக்கலாமா?"

"உங்களுக்கு இல்லாததா சார்?"

அவர் நோட்டோடு படியிறங்கியதும், 'வேலை உறுதி' என்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர் நிமிர்ந்தார். "நோட்டைக் குடுத்தீங்களே, அப்படியே லேப் சாவியையும் குடுத்திருக்கலாம் டீச்சர். திங்கக்கிழமையிலேருந்து உங்க இடத்துக்கு அவர்தானே வர்றார்."