அவளுக்கென்று வாங்கிய காமிரா

ஒரு காமிரா வாங்கியே தீருவது என்று நம்மவர் முடிவுகட்டி எட்டு மாதம் ஆகிறது. சும்மா காமிரா இல்லை, டி.எஸ்.எல்.ஆர். அதிலும் நடுத்தர விலையில். மலிவாக வாங்கினால் ஆபீஸில் மானம் போகும். விலை கூட வாங்கினால் வீட்டில் போகும். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவுக்கு இதுகூடத் தெரியாதா?

எட்டு மாதமும் படித்தார். பட்டனைத் தட்டினால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி எகிறி, வெளிச்சத்துக்கு வழிவிட்டு, நாம் கண் சிமிட்டுவதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். அதைப் படித்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனுஷன் இப்படியும் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறானே என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் எப்படிச் சொல்வது? அதற்கு அவரிடம் கைகண்ட வழி ஒன்று உண்டு. போன வருஷம் மனைவிக்கென்று வாங்கிய சாய்வு நாற்காலியில் அவர்தான் சாய்கிறார். அதற்கு முந்தின வருஷம் மனைவிக்கென்று வாங்கிய ரேடியோ அவர் தலைமாட்டில்தான் பாடுகிறது.

"உன் பிறந்தநாள் வருதே, உனக்கு ஒரு காமிரா வாங்கித் தரலாம்னு இருக்கேன்."

"எனக்கா?"

"பின்னே? ஆஸ்பத்திரியில நாள் முழுக்க எலும்பையே படம் எடுக்கிற. கொஞ்சம் சதையோட இருக்கிற மனுஷங்களையும் எடுக்க வேணாமா?"

மனைவிக்கு எக்ஸ்ரே பிரிவில் இருபது வருஷ வேலை. தெருவில் அவளுக்கு எக்ஸ்ரேக்காரம்மா என்றே பெயர். அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். நம்மவருக்கு விலா எலும்பு கூசியது.

"நல்ல யோசனைதாங்க. வாங்கிடலாம்" என்றாள்.

இவ்வளவு சுலபமா! நாலு படம் எடுப்பாள், அலுத்துப்போகும், அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். அலமாரிச் சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியும்.

கடையில் அவர் கேட்ட காமிரா மேஜைக்கு வந்தது. கையில் எடுத்தார். நல்ல கனம். கண்ணை வைத்துத் தட்டினார். கிளக்! எட்டு மாதமாகக் கனவில் கேட்ட சத்தம். கண்ணில் நீரே முட்டிவிட்டது.

"இதுதான்! உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

அவள் வாங்கிப் பார்த்தாள். "மணிக்கட்டு வலிக்குதே" என்று கடைக்காரரிடம் திரும்பினாள். "இதே விலையில, சின்னக் கைக்கு அடக்கமா வேற இருக்கா? மூக்குக்கண்ணாடியோட பார்த்தாலும் படத்தோட நாலு மூலையும் தெரியணும்."

கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லம்மா!"

நம்மவருக்கும் எட்டு மாதத்தில் தோன்றியதில்லை. அவரும் மூக்குக்கண்ணாடிதான்.

வேறொன்று வந்தது. அவள் கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். அவருடைய தடித்த விரல் ஒரே நேரத்தில் மூன்று பட்டனை அமுக்கியது.

"இது எனக்குச் சரிவராதே!" வாய் தவறி வந்துவிட்டது.

"உங்களுக்கு எதுக்குங்க சரிவரணும்? எனக்குத்தானே வாங்குறீங்க?"

கடைக்காரரும் அவர் முகத்தையே பார்த்தார். நம்மவர் திருட்டு முழி முழித்தார்.

"ஆமா ஆமா... உனக்குத்தான்."

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. பழகின இடம்தானே? முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க. மூச்சை இழுங்க. பிடிங்க." கிளக்! "விடுங்க."

படத்தைக் காட்டினாள். ஒரு கன்னத்தில் சாயங்கால வெயில். தாடையில் மழிக்காமல் விட்ட நாலு முடி. கண்ணுக்குள் குட்டி ஜன்னல். காமிராமேல் அவர் வைத்திருந்த ஆசை மொத்தமும் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஏமாந்த கதையையே மறந்துபோனார். இத்தனை வருஷம் கூடவே இருந்தவளா இவள் என்று மெய்சிலிர்த்தது.

"எப்படிடி எடுத்த இதை?"

"வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பார்த்தேன். இருபது வருஷமா அதைத்தானே பார்க்கிறேன்."

"அற்புதம்! சரி, கை வலிக்கும். அலமாரியில வச்சிடேன்."

"எதுக்குங்க? சாவி எங்கே இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. கழுத்துலயே கிடக்கட்டும். நிமிருங்க, இன்னொண்ணு எடுக்கலாம். மூச்சை இழுங்க. பிடிங்க."

இழுத்தார். பிடித்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா வாசலில் குரல் கொடுக்க, புதுக் காமிராவைக் காட்ட இவள் ஓடினாள்.

'விடுங்க' என்று இன்னும் சொல்லவில்லை.