மொக்கு மலராத கதவு

டொங்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடியும் ஒரு டொங்.

தேசப்பன் கண்ணைத் திறக்காமலே, "யாருப்பா அது?" என்றான். யாருமில்லை. வெயில்தான். கார் ஷெட்டின் தகரக் கதவு சூடேறிப் புடைத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் காரை விற்றுவிட்டு மெட்ராஸுக்குக் குடிபோனதில் ஷெட் காலியாகக் கிடந்தது. ராத்திரியெல்லாம் கம்பெனி பாய்லர் முன்னால் நிற்கும் குடித்தனக்காரன் தேசப்பனுக்குப் பகலில் படுக்க அதைவிட்டால் இடமில்லை. வீட்டுக்குள் அவன் மனைவி குணசுந்தரி அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோயில் தெருக் கடைக்குப் பூக்கட்டுவாள். பூவைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை.

ராத்திரி வேலைக்காரனுக்குப் பகல் என்பது வாடகை வீடு மாதிரி. எவன் வேண்டுமானாலும் வந்து எழுப்பலாம். போன வாரம் பாய்லர் எதிரிலேயே தேசப்பன் கண்ணசந்துவிட்டான். "இன்னொரு வாட்டி தூங்குனே, அப்புறம் ஊட்லயே தூங்க வேண்டியதுதான்" என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். வேலை நிலைக்க வேண்டுமென்றால் தூக்கம் வேண்டும். தூக்கம் வேண்டுமென்றால் இந்தக் கதவு ஆற வேண்டும். மேலே ஓடு, சுற்றிச் சுவர். மேற்கே பார்த்த இந்தத் தகரம்தான் எதிரி.

லுங்கியை இறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

"கதவுக்கு இன்சுலேசன் பண்ணப் போறேன்."

"இன்னாது?" என்றாள் குணசுந்தரி, நாரைப் பல்லில் கடித்தபடி.

"கதவுக்குச் சட்டை போடறா மாதிரி. வெயிலு உள்ள வராது."

"ஊட்ல மனுசனுக்கே சட்டை கிழிஞ்சுகினு கீது. கதவுக்கு வந்துடுச்சா யோகம்?"

"சூட்டை வெளியே வுடாம புடிச்சு வெக்கறதுதான் என் தொழிலு. உள்ள வுடாம நிறுத்தறதா கஷ்டம்?"

"சரி, சூடு கொறஞ்சுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

"படுத்தா தெரியாதா?"

"நீ தூங்கிட்டா உனக்கு இன்னா தெரியும்? தூங்கலேன்னா கோவத்துல சூடுன்னுதான் சொல்லுவே. நான் ஒரு மொறத்துல மல்லி மொக்கு வெக்கறேன். சூடு பட்டா சீக்கிரம் மலந்துடும், அது பொய் சொல்லாது. பொழுது சாயற வரைக்கும் மலராம இருந்தா உன் கதவு பாஸு."

தேசப்பன் அசந்துபோனான். பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய இயந்திர நூல்களைப் படித்துப் படித்து அவன் கண்தான் கெட்டது. சோதனை என்றால் என்னவென்று இவளுக்கல்லவா தெரிந்திருக்கிறது.

முதலில் கண்ணாடிப் பஞ்சு. நீராவிக் குழாய்க்குச் சுற்றி மிஞ்சியதைக் கேட்டு வாங்கிவந்து, கதவின் உள்பக்கம் அப்பினான். சூடு குறைந்தது. ஆனால் உடம்பெல்லாம் ஊசி. கட்டிலில் அவன் நெளிந்த நெளிப்பைப் பார்த்து, பேய் பிடித்திருக்கிறது என்று எதிர்வீட்டில் வேப்பிலை ஒடித்தார்கள். குணசுந்தரி முறத்தை அப்படியே குப்பையில் கவிழ்த்தாள்.

"இந்தப் பூவ வெச்சா எவளும் தலைய சொறிஞ்சே சாவா. இது ஃபெயிலு."

அடுத்து வைக்கோல். கதவின் வெளிப்பக்கம் திண்டு திண்டாகக் கட்டினான். அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினான். கண் விழித்தபோது தெருவில் மேயும் மாடுகள் கதவைப் பாதி தின்றிருந்தன. மொக்கு முக்கால்வாசி மலர்ந்திருந்தது.

பக்கத்து வீட்டுத் தானியேல் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்கு லாரி ஓட்டுகிறவன். புது மிஷினைச் சுற்றி வந்த தெர்மகோலை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான்.

"இத்த ஒட்டு தேசப்பா. ஐஸ் பொட்டியே இதுலதான் பண்றானாம்."

"எதால ஒட்டறது?"

"சைக்கிள் பஞ்சருக்குப் போடற சொலூசன் இருக்குதே. யானையவே ஒட்டும்."

யானையை ஒட்டுமோ என்னவோ, சொலூசன் பட்ட இடமெல்லாம் தெர்மகோல் வெல்லம் மாதிரி கரைந்து வழிந்தது. தானியேல் தலையைச் சொறிந்துகொண்டே லாரிக்குப் போய்விட்டான்.

"பேஜாரு புடிச்ச வேலை, வுட்டுடுய்யா," என்றாள் குணசுந்தரி. "உன்னால ஆவாது."

அந்த ஒரு சொல் போதும். தேசப்பனுக்கு இப்போது தூக்கம்கூட மறந்துவிட்டது. கதவா, நானா என்று ஆகிவிட்டது. வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக முறத்தைத்தான் எட்டிப் பார்ப்பான். ஒருநாள் வாசலில் குந்தி யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் பூக்கூடை மேல் ஈரச்சாக்கை மூடுவது கண்ணில் பட்டது. கல்யாணமான நாளாய்ப் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் அது இயந்திர நூலாகத் தெரிந்தது.

தகரத்துக்கு வெளியே சுண்ணாம்பு அடித்தான். அதன்மேல் மரச்சட்டம் அறைந்து, கொஞ்சம் இடைவெளி விட்டுச் சாக்குப் படுதா தொங்கவிட்டான். உள்ளே தென்னை நார்ப்பாய். சூட்டைத் தடுப்பது சாமான் இல்லை, நடுவில் சும்மா நிற்கிற காற்றுதான் என்று தெருவில் போனவர்களை நிறுத்திச் சொன்னான். படுதாவில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தான். பொழுது சாய்ந்து எழுந்தால், முறத்தில் ஒரு மொக்குகூட வாய் திறக்கவில்லை.

"பாஸு," என்றாள் குணசுந்தரி.

மறுநாள் அமாவாசைக்கு முதல் நாள். திருவள்ளூரில் அமாவாசை என்றால் ஊர் கொள்ளாத கூட்டம், பூவுக்கு அடிதடி. காலை வண்டியில் இறங்கி வந்த தேசப்பன் ஷெட் கதவைத் திறந்தான். உள்ளே கூடை கூடையாக மல்லி. நடுவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் கட்டிலு?"

"ஊட்ல போட்டாச்சு. நாங்கதான் இங்க வந்துட்டமே, அங்க ஒரு சத்தம் இல்ல. போய்ப் படு."

"இது நான் தூங்கறதுக்குப் பண்ண கதவு, குணா."

"தினம் வந்து எத்தப் பாத்தே? கட்டிலயா? மொறத்தைத்தானே பாத்தே. பூவுக்குன்னு பண்ணே, பூவுக்கு ஆச்சு."

"பூ வெக்க எடம் வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே?"

"போன கோடையில கேட்டேன். லீவுல பாக்கலாம்னே. கேட்டா நீ செய்யமாட்டே, முடியாதுன்னாதான் செய்வே."

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனை இன்னும் குத்தியது. வீட்டுக்குள் போய்ப் படுத்தான். கோபத்தில் தூங்கவே கூடாது என்று தீர்மானித்தான். தலை சாய்த்ததுதான் தெரியும்; வருஷக்கணக்கில் வராத தூக்கம் வந்து அடித்துப் போட்டது. புகார் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

மேற்கு வெயில் இறங்கியதும் குணசுந்தரி காலைத் தொட்டு எழுப்பினாள்.

"தூக்கம் ஆச்சா? இனிமே ஃபோர்மேனுக்கு நீ பயப்பட வேணாம். சாக்கு காஞ்சுகினு வருது பாரு."

தேசப்பன் எழுந்து வெளியே வந்தான். கிணற்றில் ஒரு வாளி சேந்தி எடுத்துக்கொண்டுபோய், மேலிருந்து கீழாக, நிதானமாகப் படுதாவை நனைக்க ஆரம்பித்தான்.